லேப்டாப்பில் திறக்குது, போனில் திறக்கல: வீட்டு சர்வருக்குப் பெயர் வைத்த கதை

வீட்டு சர்வரில் (192.168.1.20) ஓடும் ஜெல்லிஃபினை (சினிமா, பாட்டு ஓட்டும் மென்பொருள்), 8096 என்ற போர்ட் எண் (கருவியில் எந்தச் சேவை என்று காட்டும் எண்) இல்லாமல் பெயரால் திறக்க வேண்டும். 192.168.1.5-ல் இருக்கும் பை-ஹோலின் (விளம்பரம் தடுக்கும் வீட்டு டிஎன்எஸ் சர்வர்; டிஎன்எஸ் என்பது பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்வது) லோக்கல் டிஎன்எஸ் பக்கத்தில் ‘மீடியா.ஹோம்.ஆர்பா’வை .20-க்குக் காட்டினேன். ‘.லோக்கல்’ வேண்டாம், அது எம்டிஎன்எஸ்ஸுக்கு (டிஎன்எஸ் சர்வர் இல்லாமல் கருவிகளே ஒன்றையொன்று பெயரால் தேடும் முறை) உரியது.

டிஎன்எஸ் ஐபியை மட்டுமே சொல்லும், போர்ட்டைச் சொல்லாது. எனவே .20-லேயே கேடி என்ற வெப் சர்வர் (பெயர்தான் அப்படி, ஆள் தங்கம்), பிரவுசர் வழக்கமாகத் தட்டும் 80-ல் வாங்கி 8096-க்குத் தள்ளுகிறது. கேடியின் அமைப்புக் கோப்பான கேடிஃபைலில் பெயருக்கு முன் ‘எச்டிடிபி://’ போடுங்கள். இல்லையேல் அது தானாக எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தாவி, பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டும்.

லேப்டாப்பில் உடனே திறந்தது. போனிலோ ஒருமுறை திறக்கும், அடுத்த முறை ‘சைட் இல்லை’ என்னும். ரவுட்டரின் டிஎச்சிபியில் (கருவிகளுக்கு ஐபியும் டிஎன்எஸ் முகவரியும் கொடுக்கும் பகுதி) இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 இருந்ததுதான் வினை. முதலாவது செத்தால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்று நம்பாதீர்கள். சில கருவிகள் இஷ்டத்துக்கு எதையும் கேட்கும். கூகுளுக்கு நம் வீட்டுப் பெயர் எப்படித் தெரியும்? அதை நீக்கி, வைஃபையை அணைத்துப் போட்டேன்.

அப்புறமும் ஒரு ஆண்ட்ராய்டு முரண்டு பிடித்தது. அதன் பிரைவேட் டிஎன்எஸ் (டிஎன்எஸ் கேள்விகளை மறையாக்கி அனுப்பும் அமைப்பு) பகுதியில் வெளி சர்வர் பெயர் கொடுத்திருந்தது; அதனால் பை-ஹோலைக் கேட்கவே இல்லை. ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கியதும் திறந்துவிட்டது.