கிணற்றுச் சகடையின் உராய்வு இழப்பை அளந்து குறைக்கும் முறை

செட்டிநாட்டு வீடுகளின் பின்கட்டுக் கிணற்றில் தொங்கும் சகடை, பாடப்புத்தகம் நிலைக்கப்பி என்று சொல்லும் இயந்திரம்தான். அது நம் இழுவிசையைக் குறைப்பதில்லை; மேலே தூக்க வேண்டிய சுமையைக் கீழ்நோக்கி இழுக்குமாறு திசையை மாற்றித் தருகிறது, அவ்வளவே. உராய்வு இல்லையென்றால் 11 கிலோ சுமைக்கு 11 கிலோ எடையளவு இழுத்தால் போதும். அதற்கு மேல் இழுக்க நேர்வதெல்லாம் இழப்பு. இந்த இழப்பை அளக்காமலே புதுச் சகடை வாங்குவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கிணற்று வாயைப் பலகையிட்டு மூடிவிடுங்கள். சம எடையுள்ள இரண்டு வாளிகளை எடுத்து, கயிற்றின் இரு முனைகளிலும் கட்டி, ஒவ்வொன்றிலும் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றி, இரண்டும் ஒரே உயரத்தில் நிற்குமாறு சகடையில் தொங்கவிடுங்கள். பிறகு ஒரு வாளியில் மட்டும் அரை லிட்டர் அரை லிட்டராகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அதை மெல்லக் கீழ்நோக்கித் தட்டிவிடுங்கள். நின்றிருக்கும் சகடையை அசைப்பதற்கு, ஓடும் சகடையை ஓடவைப்பதைவிடக் கூடுதல் விசை வேண்டும் என்பதாலேயே இந்தத் தட்டு தேவைப்படுகிறது. வாளி வேகம் கூடாமலும் நின்றுவிடாமலும் சீராக இறங்கும் நிலையில், சேர்த்த தண்ணீரின் எடையே உராய்வு விழுங்கும் விசை.

எடுத்துக்காட்டாக, வாளி 1 கிலோ, சேர்த்த தண்ணீர் 2.5 லிட்டர் என்று கொள்வோம். சகடையின் பயனுறுதிறன், அதாவது நாம் இழுக்கும் விசையில் சுமையைத் தூக்கப் பயன்படும் பங்கு, 11-ஐ 13.5-ஆல் வகுத்தால் கிடைக்கும். அது சுமார் 81 விழுக்காடு. 10 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு வாளி இறைக்கும்போது ஏறத்தாழ 245 ஜூல் ஆற்றல் அச்சிலும் கயிற்றிலும் வெப்பமாகிப் போகிறது.

இழப்பு எங்கே நேர்கிறது என்பதை அறிய, வாளிக்கு 4.5 லிட்டர் வீதம் ஊற்றி, மொத்தச் சுமையைப் பாதியாக்கி மீண்டும் அளக்க வேண்டும். சேர்க்க வேண்டிய தண்ணீரும் ஏறக்குறையப் பாதியானால், சுமையின் அழுத்தத்தால் அச்சில் எழும் உராய்வே முதன்மையான காரணம். அவ்வளவு குறையாவிட்டால், இறுகிப்போன பழைய மசகையோ, சகடையின் பக்கம் அதைத் தாங்கும் சட்டத்தில் உரசுவதையோ பார்க்க வேண்டும்.

அச்சைக் கழற்றி, துருவையும் பழைய பிசுக்கையும் மண்ணெண்ணெயால் துடைத்தெடுத்து, புதிய கிரீஸ் இடுங்கள். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகிவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. கயிறு ஓடும் பள்ளத்தில் எண்ணெய் படவே கூடாது. அங்கே உள்ள பிடிப்பால்தான் சகடை சுழல்கிறது. தடித்த நார்க்கயிறு வளைந்து நிமிர்வதில் ஏற்படும் இழப்பு கிரீஸால் குறையாது; மெல்லிய, வளைந்து கொடுக்கும் கயிறே அதற்கு மாற்று.

மீண்டும் அளந்தும் இழப்பு குறையவில்லையென்றால், அச்சு ஒரு பக்கமாகத் தேய்ந்து குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அச்சை மாற்றியாக வேண்டும்; அப்போது மட்டுமே பேரிங் பொருத்திய சகடைக்குச் செலவிடுவது தகும்.