இண்டெக்ஸ் ஃபண்டில் பணம் போடுபவர்கள் செய்யும் தவறுகள்

திருவொற்றியூர் பக்கம் டீக்கடையில் ஷேர் மார்க்கெட் பேச்சு எழுந்தால், டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். பெயர் வராமல் போகாது. இந்த ஊரில் முளைத்த கம்பெனி. அதன் ஒரு ஷேரின் விலை 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நிஃப்டி 50 என்பது தேசியப் பங்குச் சந்தையின் 50 பெரிய கம்பெனிகளின் பட்டியல், அவற்றின் விலைப் போக்கைக் காட்டும் எண்ணும் அதுதான். அந்தக் கம்பெனிகளின் ஷேர்களை அதே அளவில் வாங்கி வைப்பதுதான் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்ட். அதில் பணம் போட்டால் எம்.ஆர்.எஃப்.பும் கொஞ்சம் நம் கணக்கில் சேரும் என்று நினைப்பவர்கள் உண்டு. சேராது. நிஃப்டி 50-இல் எம்.ஆர்.எஃப். கிடையாது. அதே திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு வண்டி செய்தார்களே, அந்த பிராண்டை வைத்திருக்கும் ஐஷர் மோட்டார்ஸ் 2016-லேயே உள்ளே வந்துவிட்டது. இத்தனைக்கும் அதன் ஷேர் விலை எம்.ஆர்.எஃப். பக்கத்தில்கூட வராது.

ஷேர் விலை பெரிதாக இருந்தால் கம்பெனியும் பெரிது என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. எம்.ஆர்.எஃப்.பின் மொத்த ஷேர்கள் சுமார் 42 லட்சம்தான். ஒன்று ஒரு லட்சம் என்றாலும் மொத்த மதிப்பு 42,000 கோடி. ஐசிஐசிஐ பேங்குக்கு 700 கோடிக்கு மேல் ஷேர்கள். ஒரு ஷேர் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 7 லட்சம் கோடி. நிஃப்டி பார்ப்பது இந்த மொத்த மதிப்பை. அதிலும் முதலாளி தரப்பு கையில் உள்ளதைக் கழித்துவிட்டு, வெளியே கைமாறக்கூடிய ஷேர்களை மட்டும். வருடத்துக்கு இரண்டு முறை பட்டியலைப் பரிசீலித்து, தேறாததை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்ப்பார்கள். 2009 தொடக்கத்தில் சத்யத்தையும் 2020 மார்ச்சில் யெஸ் பேங்கையும், சிக்கல் பெரிதானதும் வழக்கமான தேதிக்குக் காத்திராமலே வெளியேற்றினார்கள். அந்த வேலையை நாம் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் இண்டெக்ஸ் ஃபண்டின் சௌகரியமே.

இதே குழப்பம் என்.ஏ.வி., அதாவது ஃபண்டின் ஒரு யூனிட் விலை விஷயத்திலும் வரும். புதிதாக வந்த ஃபண்ட், யூனிட் 10 ரூபாய். பழைய ஃபண்ட், 200 ரூபாய். 'பத்து ரூபாய்க்கு நிறைய யூனிட் கிடைக்குதே' என்று அங்கே ஓடுகிறார்கள். இரண்டுமே நிஃப்டி 50 ஃபண்ட் என்றால், நிஃப்டி 10 சதவீதம் ஏறும்போது உங்கள் 10,000 ரூபாய் எங்கே இருந்தாலும் ஏறக்குறைய 11,000தான். பார்க்க வேண்டியது, ஃபண்டை நடத்த வருடா வருடம் நம் பணத்தில் பிடிக்கும் செலவு விகிதத்தை. 10 லட்சம் சேர்ந்த பிறகு 0.2 சதவீதம் என்றால் வருடத்துக்கு 2,000 போகும், 1 சதவீதம் என்றால் 10,000. அதனால் ஏஜென்ட் இல்லாத டைரக்ட் பிளானா, ஏஜென்ட் கமிஷன் சேர்ந்த ரெகுலர் பிளானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நிஃப்டி 50-ஐப் பின்தொடரும் ஃபண்டுக்கு ஏஜென்ட் எந்த ஷேரையும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. கணக்கு திறக்க, படிவம் நிரப்ப ஒரு ஆள் துணை வேண்டும் என்றால் அந்த கமிஷனில் நியாயம் இருக்கிறது, இல்லையென்றால் வீண்.

பணத்தைப் பிரித்துப் போடுகிறேன் என்று நாலு கம்பெனியின் நிஃப்டி 50 ஃபண்டை வாங்கி வைப்பது இன்னொன்று. நாலிலும் அதே 50 கம்பெனிகள், அதே அளவில். பரப்ப வேண்டும் என்றால் நிஃப்டி 500 போல அகலமான ஒன்றைப் பாருங்கள். நிஃப்டி 50-இல் பேங்க், நிதி கம்பெனிகளே மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் நிஃப்டி, ஐடி இண்டெக்ஸ் என்று ஒரே துறையைச் சுற்றுவதற்கும் பெயர் இண்டெக்ஸ்தான், ஆனால் மொத்த மார்க்கெட்டோடு அதற்குச் சம்பந்தம் குறைவு.

'இப்போ ரொம்ப ஏறிடுச்சு, இறங்கட்டும்' என்று காத்திருப்பவர்களிடம் 2020-ஐப் பற்றிக் கேளுங்கள். ஜனவரியில் 12,000-க்கு மேல் இருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610-இல் நின்றது. அன்றைக்கு எத்தனை பேர் வாங்கினார்கள்? அநேகம் பேர் விற்றார்கள். நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

ஆனால் எல்லாச் சரிவும் இப்படிச் சீக்கிரம் எழாது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் (மும்பை பங்குச் சந்தையின் இண்டெக்ஸ்) அந்த அக்டோபரிலேயே 8,000-க்குக் கீழே போனது. மீண்டும் 21,000-ஐப் பார்க்க 2010 நவம்பர் ஆயிற்று. அடுத்த வருடம் மகள் கல்யாணத்துக்கு ஏலச்சீட்டு எடுத்த பணத்தை இதில் போடக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். ஜூனில் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணமும் அப்படித்தான். அது பேங்கிலேயே இருக்கட்டும். ஏழு, எட்டு வருடம் தொடத் தேவையில்லாத பணம்தான் இங்கே வரவேண்டும்.

'நானும் நிஃப்டியிலதான் போடுறேன்' என்று சொல்லும் சில பையன்கள் உண்மையில் செய்வது ஆப்ஷன் டிரேடிங், அதாவது குறிப்பிட்ட தேதிக்குள் விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்றது. அது வேறு உலகம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வுப்படி, மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்.

அப்புறம் எஸ்.ஐ.பி., அதாவது மாதா மாதம் ஒரு தொகை பேங்க் கணக்கிலிருந்து தானாக ஃபண்டுக்குப் போகும் ஏற்பாடு. மாதச் சம்பளக்காரர்களுக்கு அது சரி. காசிமேட்டில் படகுத் தொழிலை நம்பியவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது மாதா மாதம் 5-ஆம் தேதி ஃபண்டுக்கு எடுக்க வந்தால் கணக்கில் காசு இருக்காது; பேங்க் ஒவ்வொரு தடவையும் அபராதம் பிடிக்கும், தொடர்ந்து மூன்று மாதம் திரும்பினால் எஸ்.ஐ.பி. ரத்தாகிவிடும். ஏப்ரலுக்கு முன்பே நிறுத்திவைக்கும் வசதி உங்கள் ஃபண்டில் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். இல்லையென்றால், கட்டாயமில்லாத சின்னத் தொகைக்கு மட்டும் எஸ்.ஐ.பி. வைத்துவிட்டு, நல்ல பாடு கிடைத்த மாதங்களில் அதே ஃபண்டில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம்.