தூங்காத குழந்தைக்கு மருந்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

மூளைவாதம், வலிப்பு, ஆட்டிசம் உள்ள குழந்தை இரவெல்லாம் விழித்திருந்தால் அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். பல நேரம் உடம்பில் ஏதோ தொந்தரவு இருக்கும், அதைச் சொல்லக் குழந்தையால் முடியாது.

முதலில் இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள்: படுக்க வைத்த நேரம், தூங்கிய நேரம், விழித்த நேரங்கள், பகல் தூக்கம், மலம் கழித்த நாள், மருந்து கொடுத்த நேரம். டாக்டருக்கு இதைவிட உதவும் தகவல் இல்லை.

படுத்ததும் அழுது, நிமிர்த்தினால் அடங்குகிறதா? எதுக்களிப்பாக இருக்கலாம், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே 2 மணி நேரம் விடுங்கள். துணி மாற்றக் காலை விரித்தால் அலறினால் இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். ஓயாமல் காலை உதைத்தால் ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் அளவு) பாருங்கள். மில்லிக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மருந்து தருவது வழக்கம். ஒரே மாதிரி வெட்டி வெட்டி இழுத்தால் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள், வலிப்பாக இருக்கலாம்.

நம் பக்கத்து வீடுகளில் வளர்ந்த பிள்ளையையும் சேலைத் தொட்டிலில் போடுகிறார்கள். கழுத்து நிற்காத குழந்தைக்கு அதில் தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடும், இடுப்பும் மடங்கியே கிடக்கும். சமமான மெத்தையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே மடித்த போர்வை வையுங்கள். தானாகப் புரளாத குழந்தையை நீங்கள் படுக்கும்முன் ஒருமுறை புரட்டி விடுங்கள்.

பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய குழந்தை, கரண்ட் போய்ச் சத்தம் நின்றதும் விழித்துக்கொள்ளும். அதனால் தறியிலிருந்து தள்ளி இருக்கும் அறை நல்லது. அம்மா பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் போனாலும் குழந்தையைப் படுக்க வைக்கும் முறை மாறக்கூடாது: பாட்டி செய்தாலும் அதே வரிசை, அதே விளக்கு.

குழந்தை உண்மையில் 10.30க்குத்தான் தூங்குகிறது என்றால் 8.30க்கே படுக்க வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். 11 மணிக்குப் படுக்க வையுங்கள். 20 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். காலையில் மட்டும் எந்த நாளும் ஒரே நேரத்தில் எழுப்பி வெயில் படும்படி திண்ணையில் உட்கார வையுங்கள். பாவமென்று 9 மணிவரை தூங்க விட்டால் மொத்த முயற்சியும் கெட்டுப்போகும், பலர் தவறுவது இங்கேதான்.

இதற்குப் பிறகும் தூக்கம் தொடங்கவே நேரமானால் டாக்டர் மெலடோனின் (தூக்கம் வரவைக்கும் ஹார்மோன் மருந்து) தரலாம். பெரும்பாலும் 1 முதல் 3 மி.கி.யில் தொடங்கி, படுக்கைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால். நடு இரவில் விழிப்பதற்கு அது அவ்வளவாக உதவாது. சளி மருந்தைத் தூக்கத்துக்காகக் கொடுக்கவே கூடாது: சில குழந்தைகள் அதில் இன்னும் துடிப்பாகிவிடும், எச்சில் விழுங்க முடியாத குழந்தைக்குச் சளி கெட்டியாகும். வலிப்பு மருந்தின் நேரத்தையோ அளவையோ தூக்கத்துக்காக நீங்களாக மாற்றாதீர்கள்.