முதல் பிரசவம் சிசேரியன், அடுத்ததை எப்படி முடிவு செய்வது?

அடுத்தது நார்மலா, சிசேரியனா என்று ஆளாளுக்குக் கருத்து சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னால், முதல் பிரசவத்தின் ஃபைலைத் தேடி எடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, அதில் பெரும்பாலும் தாயும் சேயும் நலம் என்கிற அளவுக்குத்தான் இருக்கும். நமக்கு வேண்டியது ஆபரேஷன் நோட்ஸ், அதாவது கர்ப்பப்பையில் எங்கே வெட்டினார்கள், எப்படித் தைத்தார்கள், நடுவில் ஏதாவது சிக்கல் வந்ததா என்று டாக்டர் எழுதி வைத்த தாள். கையில் இல்லையென்றால் பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். நான் அதற்காக மூன்று முறை அலைந்தேன். கிடைத்தது அரைப் பக்கம், சாய்ந்த கையெழுத்து, எனக்குப் புரிந்தது ‘எல்.எஸ்.சி.எஸ்’ என்ற நான்கு எழுத்து மட்டும்தான், கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டிய சிசேரியன் என்று அர்த்தம். புது டாக்டர் அதற்குக் கீழ் வரியில் விரலை வைத்து, “வெட்டு ஓரத்தில் கிழியவில்லை, நல்லது” என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் அவ்வளவு அலைச்சலும்.

வயிற்றில் வெளியே தெரிகிற தழும்பு வேறு, உள்ளே கர்ப்பப்பையில் இருக்கிற தழும்பு வேறு. வெளியே குறுக்காக அழகாக இருந்தாலும் உள்ளே நெடுக்காக வெட்டியிருக்கலாம், முக்கியமாகக் குழந்தை ரொம்பக் குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ குறுக்காகக் கிடந்திருந்தாலோ. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம். மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால், முன்பே ஒரு தடவை கர்ப்பப்பைத் தையல் பிரிந்திருந்தால், அல்லது இந்த முறை நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருந்தால், அங்கே யோசிக்க ஒன்றுமில்லை, சிசேரியன்தான்.

ஒரு முறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்ற பேச்சு 1916ல் எட்வின் கிராகின் என்ற நியூயார்க் டாக்டர் எழுதியதிலிருந்து வருகிறது. அப்போது கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காக வெட்டுவதுதான் வழக்கம், அந்தத் தழும்பு வலியில் பிரியும் ஆபத்து நிஜமாகவே அதிகம். அப்புறம் வெட்டும் இடம் கீழே வந்துவிட்டது, அந்தப் பேச்சு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

சரி, முயற்சி செய்தால் வாய்ப்பு எவ்வளவு? ஒரே ஒரு சிசேரியன் ஆனவர்களில் 100க்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. அதற்கு முன்போ பின்போ ஒரு தடவையாவது நார்மல் டெலிவரி ஆகியிருந்தால் 85 முதல் 90 வரை போகும், இதைவிட நல்ல அறிகுறி வேறு இல்லை. முதல் சிசேரியன் எதற்காக என்பதும் முக்கியம். குழந்தை தலை மேலே இருந்தது, இதயத்துடிப்பு குறைந்தது என்றால் அது அந்தக் குழந்தையோடு போன காரணம். வலி வந்தும் கர்ப்பப்பை வாய் திறக்காமல் நின்றது, தலை இறங்கவில்லை என்றால் வாய்ப்பு குறையும், ஆனால் இல்லாமல் போகாது. உடல் எடை அதிகம், குழந்தை 4 கிலோவுக்கு மேல், வலி தானாக வராமல் வரவழைக்க வேண்டிய நிலை, இவையெல்லாம் வாய்ப்பைக் குறைக்கிறவை. இரண்டு பிரசவத்துக்கும் நடுவே 18 மாதமாவது இடைவெளி இருப்பது தழும்புக்கு நல்லது. ஸ்கேனில் தழும்பு மெலிந்திருக்கிறது, இத்தனை மில்லிமீட்டர்தான் என்று பயமுறுத்தினால், அந்த ஓர் அளவை மட்டும் வைத்து முடிவு சொல்லும்படி எல்லோரும் ஒத்துக்கொண்ட எல்லைக்கோடு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள், மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லோரும் பயப்படுவது தையல் பிரிந்துவிடுமோ என்றுதான். கீழே குறுக்காக ஒரே தழும்பு, வலியும் தானாக வந்தது என்றால் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு அப்படி நடக்கும். அரிதுதான், ஆனால் நடந்தால் நிமிடக் கணக்கு, குழந்தையை உடனே வெளியே எடுத்தாக வேண்டும், சில நேரம் கர்ப்பப்பையையே எடுக்க நேரும். வலியை வரவழைக்கவோ கூட்டவோ ஊசியோ மருந்தோ கொடுத்தால் இந்த ஆபத்து 2 முதல் 3 மடங்காகும். ‘மிசோபிராஸ்டால்’ மாத்திரையைச் சிசேரியன் தழும்பு இருக்கிறவர்களுக்குக் கடைசி மாதங்களில் வலி வரவழைக்கக் கொடுக்கக் கூடாது, இந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தையல் பிரிவதைப் பெரும்பாலும் முதலில் காட்டுவது வலி இல்லை, குழந்தையின் இதயத்துடிப்பில் வரும் மாற்றம். அதனால்தான் வலி முழுக்க வயிற்றில் பெல்ட் கட்டி மானிட்டர் போடுகிறார்கள். எபிடியூரல், அதாவது வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் மருந்து, போட்டால் தையல் பிரிவது தெரியாமல் போய்விடும் என்று சொல்லி மறுத்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

மறுபடி சிசேரியன் என்றால் தேதி தெரியும், தையல் பிரியும் பயம் அநேகமாக இல்லை, வீட்டில் மூத்ததைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டுப் போகலாம். இவை சின்ன விஷயங்கள் இல்லை. குழந்தைக்குப் பிறந்தவுடன் மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அதனால் வேறு காரணம் இல்லாதபோது 39 வாரம் முடியும் முன் தேதி குறிக்கச் சம்மதிக்காதீர்கள். ஆனால் உண்மையான கணக்கு அடுத்த கர்ப்பங்களில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சிசேரியனுக்கும் உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது கூடும், நஞ்சுக்கொடி பழைய தழும்புக்குள் வேர்விட்டுப் பிரியாமல் போகும் ஆபத்தும் கூடும். நஞ்சுக்கொடி கீழே இறங்கி வாயை மூடியிருக்கும் பெண்களில் இது முதல் சிசேரியனில் 100க்கு 3 பேருக்கு, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40 என்று ஏறுகிறது. ஆகவே டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியது, இன்னும் எத்தனை குழந்தை வேண்டும் என்பது. இதுவே கடைசி என்றால் சிசேரியன் பக்கம் சாய்வதில் தப்பே இல்லை. இன்னும் இரண்டு வேண்டும் என்றால் நான் முயற்சி செய்யத்தான் சொல்வேன்.

இன்னொரு விஷயத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. முயற்சி செய்து நடுவில் சிசேரியனுக்குப் போவதில்தான் தொற்று, ரத்தம் ஏற்றுவது போன்ற சிக்கல்கள் அதிகம், திட்டமிட்ட சிசேரியனைவிடவும், ஆன சுகப்பிரசவத்தைவிடவும். எனக்கு நடந்தது அதுதான். எட்டு சென்டிமீட்டர் திறந்த பிறகு மானிட்டர் சத்தம் மெதுவாகிக்கொண்டே போனது, நர்ஸ் என்னை இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார், சத்தம் ஏறவில்லை, பதினைந்து நிமிடத்தில் தியேட்டரில் இருந்தேன். தோற்றுவிட்டதாக நினைக்கவில்லை, ஏனென்றால் எந்த நிலையில் மாறுவது என்பதை முப்பத்தாறாவது வாரத்திலேயே டாக்டரோடு பேசி முடித்திருந்தோம். நார்மலா சிசேரியனா என்பது பாதி முடிவுதான், எப்போது மாறுவது என்பது மீதிப் பாதி, அதையும் வலி வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

அதற்கு ஆஸ்பத்திரியில் நேரடியாகக் கேட்க வேண்டியவை சில உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? ரத்தம் அங்கேயே கிடைக்குமா? குழந்தை டாக்டர்? தையல் போட்டவர்களுக்கு இங்கே சுகப்பிரசவம் வழக்கமாகப் பார்க்கிறீர்களா, கடைசியாக எப்போது? பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் சிசேரியனுக்கு நல்ல இடமாக இருக்கலாம், முயற்சிக்குச் சரியான இடம் இல்லை, இயன்றவரை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு சிசேரியன் ஆனவர்கள் இன்னும் கறாராகக் கேட்க வேண்டும், அவர்களுக்கும் முயற்சி சாத்தியம்தான், ஆனால் ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்பதால் அனுபவமுள்ள டாக்டர் வேண்டும்.

இரண்டு கேள்விக்கு மட்டும் பதிலை எழுத்தில் வாங்கி ஃபைலில் வையுங்கள். சிசேரியன் தேதி குறித்த பிறகு அதற்கு முன்னாலேயே வலி வந்துவிட்டால் என்ன செய்வது, சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்கும்போது 40 வாரம் தாண்டியும் வலி வரவில்லை என்றால் என்ன செய்வது. எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் வலி விட்டு விட்டு வரத் தொடங்கியதும், பனிக்குடம் உடைந்ததும் கிளம்பிவிடுங்கள். ரத்தம் பட்டாலோ, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் கூட விடாமல் தழும்புப் பக்கம் வலித்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே போங்கள், போகும் வழியிலேயே போன் செய்து “முந்தைய சிசேரியன், தையல் இருக்கிறது” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.