கோத்தகிரி மொட்டை மாடியிலிருந்து நெபுலாக்களைப் படமெடுத்தல்: வேகத் தொலைநோக்கியும் ஊர் வெளிச்சமும்

கோத்தகிரியில் என் வீட்டு மொட்டை மாடியில் நின்று தெற்கே பார்த்தால், மேட்டுப்பாளையத்தின் விளக்குகளும் அவற்றுக்கு அப்பால் கோயம்புத்தூரின் வெளிச்சமும் சேர்ந்து அடிவானத்துக்கு மேலே வெளிறிய திரைபோல எழுந்து நிற்கும். வடக்கே திரும்பினால், மாயாற்றுப் பள்ளத்தாக்கும் அதைச் சூழ்ந்த காடுகளும் இருப்பதால் வானம் தெளிவாக இருண்டிருக்கும். மலைமேல் இருப்பதால் மட்டும் கருவானம் கிடைத்துவிடுவதில்லை. எந்தத் திசை எந்தப் பொருளுக்கு உகந்தது என்று தெரிந்து வேலை செய்தால்தான் எஃப்/2, எஃப்/2.8, எஃப்/4 போன்ற குறைந்த குவிய விகிதம் (குவியத் தூரத்தை முகப்பின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்) கொண்ட தொலைநோக்கிகள், அதாவது நாம் வேகமானவை என்று சொல்லும் கருவிகள், தம் முழுப் பயனையும் தரும்.

வேகத் தொலைநோக்கி ஒளி மாசை வெல்லும் என்று நம்பி வாங்குவோர் பலர். அது அவ்வாறு செய்வதில்லை. எஃப்/2 கருவி எஃப்/5 கருவியைக் காட்டிலும் கேமரா உணரியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் 6.25 மடங்கு ஒளியைக் குவிக்கிறது. ஆனால் நெபுலாவின், அதாவது விண்வெளியில் பரவிக் கிடக்கும் வாயு, தூசு முகிலின் ஒளியோடு தெருவிளக்கின் ஒளியையும் அதே 6.25 மடங்காகவே குவிக்கிறது. இரண்டுக்கும் இடையிலான விகிதம் அப்படியே இருக்கும். வேகம் நமக்கு மிச்சப்படுத்துவது நேரத்தை மட்டுமே. நீலகிரியில் அதுவே பெரிய வரம், ஏனென்றால் இங்கே முழு இரவும் திறந்த வானம் அரிது; மாலையில் தெளிந்திருக்கும் வானத்தைப் பத்து மணிக்குள் மூடுபனி வந்து மூடிவிடுவது வழக்கம். அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் போதிய ஒளியைச் சேர்த்துவிட முடிகிறது என்பதற்காகவே நான் வேகக் கருவியைப் பரிந்துரைக்கிறேன்.

காலமும் திசையும்

சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழையும் வானத்தை மூடும். கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்கு இரண்டாவதுதான் கனமானது. எனவே சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே நமது அறுவடைக் காலம். அதிலும் தேய்பிறை அட்டமிக்கும் வளர்பிறை பஞ்சமிக்கும் இடைப்பட்ட நாட்களில், நிலவு மாலையில் தொந்தரவு செய்யாமல் நள்ளிரவுக்குப் பிறகு எழும் அல்லது சீக்கிரமே மறைந்துவிடும்.

ஒரு குறிப்பிட்ட இரவுக்காக நான் காத்திருப்பதுண்டு. சமவெளியின் மேல் மேகம் தாழ்வாகப் படிந்து, மலையின் உச்சி மட்டும் அதற்கு மேலே நிற்கும் சனவரி இரவுகளில், அந்த மேகப் படலமே கீழேயுள்ள ஊர்களின் விளக்குகளை மூடிவிடுகிறது. வழக்கமாக வெளிறிக் கிடக்கும் தெற்கு வானம் அன்று கண்ணெதிரே கறுக்கும். அன்றைய இரவைத் தெற்குப் பொருட்களுக்கே கொடுத்துவிடுங்கள்.

மற்ற இரவுகளில் திசையைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்மீன் மண்டலங்களும் (கேலக்சிகளும்), கார்த்திகைக் கூட்டத்தைச் சூழ்ந்திருப்பது போன்ற ஒளியை எதிரொளிக்கும் நெபுலாக்களும் எல்லா அலைநீளங்களிலும் ஒளிர்பவை. குறிப்பிட்ட நிறங்களை மட்டும் விடும் வடிகட்டியால் அவற்றைத் தெருவிளக்கிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. அவற்றுக்கு இருண்ட வானத்தைத் தவிர வேறு மருந்தில்லை. ஆகவே வடக்கு வானத்தை அவற்றுக்கு ஒதுக்குங்கள்: ஆண்ட்ரோமெடா மண்டலம், மழை விலகிய இரவு கிடைத்தால், டிசம்பர் தொடக்கத்தில் இரவு எட்டு மணியளவில் வடக்கே ஏறத்தாழ 60 பாகை உயரத்தில் நிற்கும், எம் 81, எம் 82 என்ற விண்மீன் மண்டல இணை பிப்ரவரி நடுவில் நள்ளிரவைத் தாண்டி 32 பாகை உயரத்தை எட்டும். மாறாக, தானே ஒளிரும் ஹைட்ரஜன் நெபுலாக்கள் ஓரிரு குறிப்பிட்ட நிறங்களில் மட்டுமே ஒளிர்வதால் வடிகட்டியின் துணையோடு வெளிச்சமான பக்கத்திலும் எடுக்கலாம். திருவாதிரைக்குக் கிழக்கே இருக்கும் ரோசெட் நெபுலா சனவரி நடுவில் இரவு 11 மணியளவில் கிட்டத்தட்டத் தலைக்கு நேர்மேலே வருவதால், முதல் முயற்சிக்கு அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. கரினா நெபுலா நம் அட்சரேகையிலிருந்து நன்றாகத் தெரியக்கூடியதுதான். ஆனால் அது தெற்கே 19 பாகைக்கு மேல் ஏறுவதில்லை, அதாவது கோத்தகிரியிலிருந்து பார்த்தால் கோயம்புத்தூர் வெளிச்சத்தின் மேலேயே கிடக்கும். அதை மேகம் கீழே படிந்த இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வானத்தின் பின்னணி ஓர் ஒளித்தரம் (விண்மீன்களின் ஒளிர்வை அளக்கும் அலகு) வெளுத்தால், அதே தெளிவுள்ள படத்துக்கு 2.5 மடங்கு நேரம் தேவைப்படும். இரண்டரை ஒளித்தரம் வெளுத்தால் பத்து மடங்கு. காட்டோரத்தில் ஒரு மணி நேரத்தில் முடிவதற்கு ஊருக்குள் பத்து மணி நேரம் வேண்டும் என்பதே இதன் பொருள். இதற்காகத் தேயிலைத் தோட்டச் சாலைகளில் நள்ளிரவில் கருவியை வைக்க வேண்டாம். காட்டெருமையும் கரடியும் நடமாடும் இடங்கள் அவை; வீட்டு மாடியில் பல இரவுகள் சேர்த்து எடுப்பதே நல்லது. பக்கத்து வீட்டு வாசல் விளக்கு கருவியின் மேல் நேராக விழுந்தால், "அக்கா, பத்து மணிக்கு மேல் அந்த விளக்கை அணைத்துவிட்டால் பெரிய உதவியாக இருக்கும்" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட மறுநாள் எடுத்த படத்தை அந்த அக்காவிடம் காட்டினேன். அன்றிலிருந்து அவர் என்னைக் கேட்காமலே அணைத்துவிடுகிறார்.

துருவ ஒழுங்கு

முத்தோரையில் 1970 முதல் இயங்கும் உதகை வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அது நிற்கும் மலைச்சரிவு ஏறக்குறைய 11 பாகை, அதாவது அவ்விடத்தின் அட்சரேகைக்குச் சமம். அதனால் அதன் நீள அச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. புவியின் சுழற்சிக்கு ஏற்பத் தொலைநோக்கியைத் திருப்பி விண்மீன்களைப் பின்தொடரும் தாங்கியான ஈக்வடோரியல் மவுண்ட்டை நம் மாடியில் நிறுத்தும்போது நாம் செய்வதும் இதுவே: அதன் அச்சை வடக்கு நோக்கி வெறும் 11 பாகை மட்டும் சாய்த்து வைக்கிறோம்.

இவ்வளவு தாழ்ந்த சாய்வில் இரண்டு இடர்கள் உண்டு. முதலாவதாக, எல்லா மவுண்ட்டுகளும் 11 பாகைக்கு இறங்குவதில்லை. இறங்குபவற்றிலும் தொலைநோக்கியைச் சமன்செய்யும் எடையைத் தாங்கும் எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கக்கூடும். வாங்குவதற்கு முன்பே அட்சரேகையின் கீழ் வரம்பைக் கேட்டறிந்து, தேவைப்பட்டால் முக்காலிக்கும் மவுண்ட்டுக்கும் இடையே ஒரு நீட்டிப்புத் தூணை வைக்க வேண்டும். இரண்டாவதாக, துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டியே இருப்பதால் எதிர் மலையோ கற்பூர மரங்களோ சில்வர் ஓக் வரிசையோ அதை மறைத்துவிடும். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. படமெடுப்பைக் கட்டுப்படுத்தும் நினா (N.I.N.A.) மென்பொருளின் மூன்று புள்ளி முறையில், வானத்தின் வேறு பகுதியில் மூன்று படங்களை எடுத்து, அவற்றிலுள்ள விண்மீன்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணினியே சொல்லிவிடும்; துருவ நட்சத்திரம் தெரிய வேண்டிய தேவையே இல்லை.

குவியம்

வேகக் கருவியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது, ஆகவே இதில் சற்று நிற்கிறேன். பிம்பம் கூர்மையாக இருக்கும் குவிய ஆழம் குவிய விகிதத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. பச்சை ஒளிக்கு எஃப்/7 கருவியில் அது ஏறத்தாழ 130 மைக்ரான். எஃப்/4 கருவியில் 43 மைக்ரான். எஃப்/2 கருவியில் 11 மைக்ரான் மட்டுமே, அதாவது ஒரு தலைமயிரின் தடிமனில் சிறு பகுதி. இதற்கு நேரான இன்னொரு கணக்கையும் பாருங்கள்: அலுமினியக் குழாய் ஒரு மீட்டருக்கு ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் சுருங்கும். எனவே 400 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள குழாய் ஒரு பாகை குளிர்ந்தாலே 9 மைக்ரான் சுருங்கிவிடுகிறது. எஃப்/2 கருவியின் குவிய ஆழம் அனைத்தும் அந்த ஒரே பாகையில் கரைந்துபோகிறது. நீலகிரியின் சனவரி மாலையில், வெயில் இறங்கிய பின் சில மணி நேரத்துக்குள் வெப்பநிலை எவ்வளவு சரியும் என்பதை இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் குளிர்காலத்தில் நான் ஏழு மணிக்குக் குவியத்தைச் சரிசெய்துவிட்டு, அன்று முழுவதும் அதைத் தொடவில்லை. மறுநாள் காலையில் கணினியில் பார்த்தபோது எட்டரை மணிக்குப் பிந்திய எல்லாப் படங்களிலும் விண்மீன்கள் நடுவில் கறுத்த ஓட்டை விழுந்த வளையங்களாக இருந்தன. அந்த இரவு மீண்டும் வரவில்லை. ஆகவே, மாலை ஐந்தரைக்கே கருவியை வெளியில் வைத்து ஆறவிடுங்கள். விண்மீனை மூன்று ஒளிக்கோடுகளாகக் காட்டும் கீற்றுகள் கொண்ட பாக்டினோவ் மறைப்பை முகப்பில் மாட்டி, ஒளிமிக்க விண்மீன் ஒன்றின் நடுக்கோடு மற்ற இரு கோடுகளின் சந்திப்பில் சரியாக விழும்வரை குவியத்தைத் திருப்புங்கள். வெப்பநிலை ஒரு பாகை இறங்கும்போதெல்லாம், அல்லது முன்னிரவில் அரைமணிக்கு ஒருமுறை, மீண்டும் சரிபாருங்கள். பணம் இருந்தால் முதலில் வாங்க வேண்டியது புதிய கேமரா அன்று, மோட்டார் பொருத்திய குவியக் கருவி.

உணரியின் சாய்வும் இதே கண்டிப்புக்கு உட்பட்டது. 23.5 மில்லிமீட்டர் அகலமுள்ள உணரி 11 மைக்ரானுக்குள் சமமாக இருக்க வேண்டுமென்றால் சாய்வு 0.03 பாகைக்குள் அடங்க வேண்டும். படத்தின் ஒரு மூலையில் விண்மீன்கள் கூர்மையாகவும் எதிர் மூலையில் நீண்டும் இருந்தால், சாய்வு சரிசெய்யும் தட்டின் திருகுகளைச் சிறுகச் சிறுகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். நான்கு மூலைகளும் ஒரே அளவில் நீண்டிருந்தால் குற்றம் சாய்வில் இல்லை, படத்தின் ஓரங்களைக் கூர்மையாக்கும் திருத்து வில்லைக்கும் உணரிக்கும் இடையிலான தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் வடிகட்டி வைக்கும்போது, அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டர் வடிகட்டிக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர்.

வடிகட்டி

பழைய சோடியம் விளக்குகள் பெரும்பாலும் 589 நானோமீட்டரை ஒட்டியே ஒளிர்ந்தன. அந்தப் பட்டையை மட்டும் தடுத்தால் போதுமாயிருந்தது. வெள்ளை எல்இடி விளக்குகள் நீலத்திலிருந்து சிவப்பு வரை பரவி ஒளிர்வதால், ஒளி மாசு வடிகட்டி என்ற பெயரில் விற்கப்படும் பழைய வகை இப்போது பெரிதாக உதவுவதில்லை. நெபுலாக்களுக்கு ஏற்றது இரட்டைக் குறும்பட்டை வடிகட்டி: 656.3 நானோமீட்டரில் ஹைட்ரஜன் ஆல்ஃபா என்னும் சிவப்பு ஒளியையும் 500.7 நானோமீட்டரில் ஆக்சிஜனின் ஒளியையும் விட்டு, ஏனையவற்றைத் தடுக்கும்.

ஆனால் குறும்பட்டை வடிகட்டியில் ஒளி சாய்ந்து நுழைந்தால் அது அனுமதிக்கும் பட்டை நீலப்பக்கம் நகரும். எஃப்/2 கருவியில் விளிம்புக் கதிர்கள் 14 பாகை சாய்ந்து வருகின்றன. அவற்றுக்கு இந்த நகர்வு ஒரு சில நானோமீட்டர் வரை இருக்கும். 3 நானோமீட்டர் அகலமே உள்ள சாதாரண வடிகட்டியைப் பொருத்தினால், நாம் தேடிவந்த ஹைட்ரஜன் ஒளியின் பெரும்பங்கை அதுவே தடுத்துவிடும். முன்பக்கம் கேமராவோ துணைக் கண்ணாடியோ நடுவை மறைக்கும் கருவிகளில் நேராக வரும் கதிர்கள் இல்லாமற்போவதால் இழப்பு இன்னும் கூடும். எனவே உங்கள் குவிய விகிதத்துக்கென்றே பட்டையை முன்கூட்டி நகர்த்திச் செய்த வடிகட்டியையே கேட்டு வாங்குங்கள்.

படமெடுத்தலும் செப்பனிடலும்

ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. பின்னணி வானம் ஒரு பிக்சலில் சேர்க்கும் எலக்ட்ரான்கள், கேமராவின் வாசிப்பு இரைச்சலின் (உணரியைப் படிக்கும்போது கேமராவே சேர்க்கும் பிழையின்) வர்க்கத்தைப் போலப் பத்து மடங்கை எட்டினால், அதற்குமேல் நீட்டுவதால் கிடைக்கும் நன்மை ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. வாசிப்பு இரைச்சல் 1.5 எலக்ட்ரான் என்றால், சுமார் 23 எலக்ட்ரான் போதும். வெளிச்சமான வானத்தின் கீழ் எஃப்/2 கருவி இதைச் சில நொடிகளிலேயே எட்டிவிடும். குறும்பட்டை வடிகட்டியோடு ஓரிரு நிமிடங்கள் ஆகலாம். குறுகிய படங்கள் பல எடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: மூடுபனி ஒரு கீற்றாகக் கடந்தால் நான்கைந்து படங்களை மட்டும் கழித்துவிட்டு மற்றவற்றை வைத்துக்கொள்ளலாம். சில படங்களுக்கு ஒருமுறை கருவியைச் சில பிக்சல் அசைத்து எடுங்கள். இல்லையெனில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது உணரியின் குறைகள் சாய்ந்த கீறல்களாகத் தெரியும்.

வேகக் கருவியில் படத்தின் ஓரங்கள் இருளுவது மிகுதியாதலால் அதைத் திருத்த உதவும், ஒரே சீரான ஒளியை நோக்கி எடுக்கும் சமன்படங்களைத் தவறவிடக் கூடாது. வெள்ளை வேட்டியை நான்காக மடித்து முகப்பில் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, விடியற்கால வானத்தை நோக்கி எடுப்பது என் வழக்கம். ஒளி மிகுந்தால் இன்னொரு மடிப்பு சேர்க்கலாம். கேமராவைக் கழற்றாமல், குவியத்தை மாற்றாமல் எடுக்க வேண்டும்.

அடுக்குவதற்குச் சிரில், பின்னணியில் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும் சாய்வு வெளிச்சத்தை நீக்குவதற்குக் கிராக்ஸ்பெர்ட் ஆகிய இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. சாய்வு வெளிச்சத்தை நீக்கும் வேலையை, மங்கலானவை தெரியும்படி படத்தின் ஒளியை விரிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பின்னணிக்கான மாதிரிப் புள்ளிகளை நெபுலாவின் மங்கலான ஓரங்களில் வைத்துவிட்டால், மென்பொருள் நெபுலாவையே வெளிச்ச மாசு என்று எண்ணி அழித்துவிடும்.

பனியும் பூஞ்சையும்

முகப்பில் கண்ணாடித் தட்டு உள்ள கருவி இங்கே அரை மணி நேரத்தில் நனைந்துவிடும். முகப்பின் விட்டத்தைவிட நீளமான பனிக்கவசமும், விளிம்பைச் சுற்றிக் கட்டும் வெப்பப் பட்டையும் இரண்டும் வேண்டும். பனி படிந்த பிறகு போடுவதால் பயனில்லை, தொடங்கும்போதே குறைந்த வெப்பத்தில் போட்டுவிட வேண்டும். வெப்பத்தைக் கூட்டினால் குழாய்க்குள் காற்று கலங்கி விண்மீன்கள் வீங்கும்.

வேலை முடிந்ததும் ஈரக் கருவியை மூடிப் பெட்டியில் வைப்பதே நீலகிரியில் வில்லைகள் பூஞ்சை பிடிப்பதற்குக் காரணம். முகப்பு மூடியைத் திறந்தபடியே, முகம் கீழ்நோக்கி இருக்குமாறு உலர்ந்த அறையில் காலைவரை வையுங்கள். கண்ணாடியைத் துணியால் துடைக்க வேண்டாம். நன்றாக உலர்ந்த பிறகு, காற்றுப் புகாத பெட்டியில் நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, அது நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் போடுங்கள். மழைக்காலத்தில், கருவியைத் தொடாவிட்டாலும், பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து ஜெல்லின் நிறத்தைப் பாருங்கள்.