ஷிப்ட் அட்டவணையை ஊழியர்களோடு சேர்ந்து போடுவது எப்படி?

ஊழியர்களைக் கலந்து முடிவெடுக்கும் பழக்கத்தை ஷிப்ட் அட்டவணையில் தொடங்குவது நல்லது. அதன் சிரமம் எல்லோருக்கும் தெரியும்; மாற்றத்தின் பலனும் ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

கூட்டத்துக்கு முன்பே எது மாறும், எது மாறாது என்று எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு வேளையும் எத்தனை பேர் இருந்தாக வேண்டும், சட்டப்படி எவ்வளவு ஓய்வு, ஓவர்டைமுக்கு எவ்வளவு பணம் என்பவை மாறாதவை. யாருக்கு எந்த ஷிப்ட், எத்தனை நாளுக்கு ஒருமுறை சுற்று மாறும், அவசரத்துக்கு யாரோடு மாற்றிக்கொள்ளலாம் என்பவற்றை அவர்களே முடிவு செய்யட்டும். ஏற்கெனவே முடிவான விஷயத்துக்குக் கருத்துக் கேட்கவே கேட்காதீர்கள். ஒருமுறை ஏமாந்தவர்கள் அடுத்த கூட்டத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அட்டவணையைப் பேசி முடிவு செய்யும் குழுவில் ஐந்து முதல் ஏழு பேர் போதும். ஒவ்வொரு ஷிப்டும் தன் ஆளைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். சூப்பர்வைசர் கைகாட்டும் ஆள் வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளர்களை விட்டுவிடாதீர்கள், மோசமான ஷிப்ட் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. கூட்டம் சம்பள நேரத்திலேயே நடக்கட்டும், 45 நிமிடம். இரவு ஷிப்ட் ஆட்களைப் பகலில் வரச் சொன்னால் தூக்கம் போகும், அல்லது வரவே மாட்டார்கள்.

கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் பேசாமல் தங்கள் யோசனைகளைத் துண்டுச் சீட்டில் எழுதட்டும். பிறகு ஒவ்வொன்றாகப் படியுங்கள். மேலாளர் கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள்.

பெரும்பாலான முயற்சிகள் பதில் சொல்லாததால்தான் செத்துப்போகின்றன. ஏழு நாளுக்குள் ஒவ்வொரு யோசனைக்கும் ஏற்பா மறுப்பா என்று காரணத்தோடு பலகையில் எழுதுங்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்றால், என்றைக்குள் முடியும் என்ற தேதியும் வேண்டும். நியாயமான காரணம் சொன்னால் மறுப்பைக்கூட ஏற்றுக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் ஒரு பைஜாமா ஆலையில் லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் நடத்தி 1948இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பழைய சான்று. வேலைமுறை மாறியபோது, தகவல் மட்டும் சொல்லப்பட்ட குழுவில் 17 சதவீதம் பேர் முதல் 40 நாளில் வேலையை விட்டார்கள். மாற்றத்தைத் திட்டமிடுவதில் பங்கெடுத்த குழுக்களில் அந்த நாட்களில் ஒருவரும் விடவில்லை.

புதிய அட்டவணையை நான்கு வாரம் சோதனையாக ஓட்டுங்கள். அதற்கு முந்தைய நான்கு வாரத்தின் சொல்லாமல் எடுத்த விடுப்பு, கடைசி நேர மாற்றம், ஓவர்டைம் மணி மூன்றையும் குறித்து வையுங்கள். எண்ணிக்கை கூடினால் குழுவைக் குறை சொல்லாமல், எந்த ஷிப்டில் கூடியது என்று பார்த்து அந்தப் பகுதியை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.