செயின்சாவுக்கு 3/8 செயின்னு மட்டும் சொல்லி அரம் வாங்காதீங்க

பெங்களூர்ல ஏப்ரல் மே மழை வந்தாலே குல்மோகரும் தூங்குமூஞ்சி மரமும் ரோட்டுல சாஞ்சு கிடக்கும், அப்போ தான் நம்ம பசங்க செயின்சாவ எடுத்து ஸ்டார்ட் பண்ணிட்டு வெட்டவே மாட்டேங்குதுன்னு எனக்கு போன் பண்ணுவாங்க. நேர்ல போய் பாத்தா பாதி தடவை மிஷின்ல ஒரு கோளாறும் இருக்காது, தப்பான அரம் போட்டு பல்லக் கெடுத்து வெச்சிருப்பாங்க.

எனக்கே இது நடந்திருக்கு. என் சின்ன மிஷின்ல 3/8 செயின் (இன்ச் கணக்குல செயினோட பிட்ச், அதாவது மூணு ரிவெட் தூரத்துல பாதி), கடையில போய் "3/8க்கு ஃபைல் குடுங்க"ன்னு கேட்டேன், 5.5 மி.மீ. குடுத்தாங்க, நானும் அரை மணி நேரம் ஒக்காந்து தீட்டுனேன். பல்லு பளபளன்னு இருக்கு, ஆனா அல்சூர்ல ஒரு வேப்பங்கிளைல வெச்சா மாவு மாதிரி தூள் தான் கொட்டுது, செதில் செதிலா வரணும்ல, அது வரவே இல்ல, செயின் சுத்தி ஓடுற பார் வேற சூடாயிடுச்சு.

விஷயம் என்னன்னா 3/8ல ரெண்டு வகை இருக்கு. சின்ன மிஷின்ல வர்ற லோ ப்ரொஃபைல் (உயரம் கம்மியான) செயினுக்கு பெரும்பாலும் 4 மி.மீ. அரம், பெரிய மிஷின்ல வர்ற 3/8க்கு 5.2 இல்லன்னா 5.5. ரெண்டுலயும் அடுத்தடுத்த மூணு ரிவெட்ல மொதல்ல இருந்து மூணாவது வரைக்கும் அளந்தா அதே 19 மி.மீ. தான் வரும், அதனால ஸ்கேல வெச்சு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க, செயின் வந்த டப்பால என்ன சைஸ் போட்டிருக்குன்னு பாத்துட்டு கடைக்குப் போங்க. .325 இன்ச் பிட்ச் செயின்ல இந்தக் குழப்பம் கம்மி, பொதுவா 4.8 மி.மீ. அரம். அரம் பெருசாப் போனா பல்லுக்குள்ள சரியா எறங்காது, முனை மொண்ணையா நிக்கும். சிறுசாப் போனா கீழ குடைஞ்சு கொக்கி மாதிரி ஆக்கிடும், மொதல்ல நல்லா இழுக்கும், சீக்கிரமே மழுங்கிடும். அரத்தோட கனத்துல அஞ்சுல ஒரு பங்கு பல்லோட மேல் விளிம்புக்கு மேல தெரியணும், அது தான் சரியான உயரம்.

நுனி சிறுத்துப் போற சாதா ரவுண்ட் ஃபைல விலை கம்மின்னு வாங்காதீங்க, செயின்சா அரம் முழுநீளத்துக்கும் ஒரே கனமா இருக்கும். முன்னாடி தள்ளும்போது மட்டும் அழுத்துங்க, திரும்பி இழுக்கும்போது தூக்கிடுங்க, ரெண்டு பக்கமும் தேய்ச்சா அரமே போயிடும். எண்ணெயும் வேணாம், எண்ணெய் பட்டா வழுக்கும், தூளும் அப்பிக்கும்.

அப்புறம் பல்லுக்கு முன்னாடி ஒரு சின்ன மேடு இருக்குல்ல, அத உருட்டு அரத்தால தொடாதீங்க, அதுக்கு தட்டை அரம். நிறைய செயினுக்கு அது பல்லோட நுனிய விட 0.65 மி.மீ. கீழ இருந்தா போதும், அந்த உயரத்த அளக்குற கேஜ் வெச்சுப் பாத்து கொஞ்சம் கொஞ்சமா எடுங்க, அதிகமா எடுத்துட்டீங்கன்னா மிஷின் கைய மீறி எகிறும்.